மாரிஸ் கிளாரெட்: ஒரே பருவம், ஒரு வழக்கு

2003 ஜனவரி 3 இரவு. அரிசோனாவின் டெம்பி நகரில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம். ஒரு பக்கம் மயாமி பல்கலைக்கழகம், தொடர்ந்து 34 ஆட்டங்களை வென்று வந்திருந்த அணி. இன்னொரு பக்கம் ஓஹையோ ஸ்டேட், முப்பது வருடங்களுக்கு மேலாகப் பட்டத்துக்கு ஏங்கிய அணி. இரண்டாம் பாதியில் ஓஹையோவின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர்) கிரெய்க் கிரென்ஸல் எறிந்த பந்தை மயாமியின் ஷான் டெய்லர், மைதானத்தின் கோடியில் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஜோனுக்குள்ளேயே பறித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். பந்து எதிரணிக்குப் போய்விட்டால் பலரும் தலையில் கைவைத்து நின்றுவிடுவார்கள். 13-ஆம் எண் சட்டை போட்ட 19 வயதுப் பையன் ஒருவன் நிற்கவில்லை. டெய்லரைத் துரத்திப் பிடித்து, அவர் கையிலிருந்த பந்தை அப்படியே உருவி எடுத்துக்கொண்டான். அடுத்த சில நிமிடங்களில் ஓஹையோ உதைத்து மூன்று புள்ளி எடுத்தது. ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசியில் 5 கஜம் ஓடிப் பந்தை எண்ட் ஜோனுக்குள் கொண்டுசேர்த்து வெற்றி டச் டவுன் போட்டதும் அதே பையன்தான். 31-24.

அவர் பெயர் மாரிஸ் கிளாரெட். அதுதான் அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. மூன்றே முக்கால் வருடத்துக்குள் ஏழரை வருடச் சிறைத் தண்டனையோடு உள்ளே போனார்.

இந்தக் கதையை அமெரிக்காவில் சொல்வதற்கு வழக்கமாக ஒரே தொனிதான்: தலைக்கனம் பிடித்த பையன், வளர்த்துவிட்ட பல்கலைக்கழகத்தையே திட்டினான், லீகோடு வழக்காடினான், கடைசியில் துப்பாக்கியோடு பிடிபட்டான். நடந்தவை எல்லாம் உண்மை. ஆனால் இப்படி அடுக்கினால் 2003 செப்டம்பர் முதல் 2005 ஏப்ரல் வரையிலான காலம் வெறும் இடைவெளியாகத் தெரிகிறது. என் பார்வையில் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்தது அந்த இடைவெளியில்தான். அந்தக் காலத்தில் அவர் எங்கேயும் ஆட முடியாமல் போனதற்குப் பாதிக் காரணம் அவர், மீதிப் பாதி ஒரு விதி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

யங்ஸ்டவுன்

கிளாரெட் 1983 அக்டோபர் 29 அன்று ஓஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் பிறந்தார். அது எஃகு ஊர். 1977 செப்டம்பர் 19 அன்று யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் தன் பெரிய ஆலையை மூடப்போவதாக அறிவித்ததில் சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. அந்தத் திங்கட்கிழமையை ஊர்க்காரர்கள் இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. ஒரு காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த ஊரில் 2000-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்போது சுமார் 82,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். கிளாரெட் வளர்ந்த தெற்குப் பகுதியில் காலி வீடுகளும் போதைப்பொருளும் கொலைகளும் சாதாரணம். தன்னோடு சுற்றிய பையன்கள் பலர் செத்தார்கள் அல்லது சிறைக்குப் போனார்கள் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சிறு வயதில் அவரும் சிறார் நீதிமன்றம் வரை போய்வந்தவர்தான்.

பக்கத்து ஊரான வாரனின் ஹார்டிங் உயர்நிலைப் பள்ளியில் ஆடினார். 2001-இல் ஓஹையோவின் தலைசிறந்த பள்ளி வீரருக்கான 'மிஸ்டர் ஃபுட்பால்' விருது அவருக்குக் கிடைத்தது. யுஎஸ்ஏ டுடே நாளிதழ் நாட்டின் சிறந்த தாக்குதல் வீரராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே முடித்து, 2002 ஜனவரியிலேயே கொலம்பஸில் உள்ள ஓஹையோ ஸ்டேட்டில் சேர்ந்துவிட்டார். அங்கே பயிற்சியாளர் ஜிம் டிரெஸ்ஸல். அவர் அதற்கு முன் யங்ஸ்டவுன் ஸ்டேட்டின் பயிற்சியாளர், கிளாரெட்டின் ஊரை நன்றாகத் தெரிந்தவர். இந்த இருவரின் உறவு கதையில் பல முறை முறிந்து பல முறை ஒட்டும்.

ரன்னிங் பேக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கும் 100 கிலோ, 130 கிலோ ஆட்களின் சுவரில் சந்து கண்டுபிடித்து ஓடுவதுதான் அவர் வேலை. கபடியில் பாடிப் போனவரை எதிரணி மொத்தமாக மடக்குவதுபோல் ஒவ்வொரு ஓட்டமும் அடியில்தான் முடியும். ஒரு ஆட்டத்தில் 20, 25 முறை. அதனால் இந்த இடத்தில் ஆடுபவரின் உடம்பு சீக்கிரம் தேய்கிறது. குவார்ட்டர்பேக் 38 வயதிலும் ஆடலாம். ரன்னிங் பேக்குக்கு 28 வயது தாண்டினாலே அணிகள் யோசிக்கத் தொடங்கும். அவருடைய மிகச் சிறந்த வருடங்கள் 20-க்கும் 26-க்கும் இடையில் வந்துபோய்விடும். வழக்கின் உயிர்நாடி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

2002

முதல் ஆட்டம் டெக்ஸஸ் டெக் அணியோடு. முதலாமாண்டு மாணவர் 175 கஜம் ஓடி மூன்று டச் டவுன் போட்டார். வாஷிங்டன் ஸ்டேட் அணியோடு 230 கஜம். அப்புறம் முழங்காலில் சின்ன அறுவைச் சிகிச்சை, அது ஆறியதும் தோளில் காயம். சில ஆட்டங்கள் போயின, சிலவற்றில் பாதியில் வெளியேறினார். ஆனாலும் பரம எதிரியான மிச்சிகனோடு 119 கஜம் ஓடினார், ஓஹையோ 14-9 என்று வென்றது. பருவ முடிவில் 1,237 கஜம், ஓட்டத்தில் 16 டச் டவுன். முதலாமாண்டு மாணவர் எடுத்ததில் அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்று அதுதான் அதிகம். அணி 14-க்கு 14.

டெம்பியில் அவர் ஓடி எடுத்தது 47 கஜம்தான். அந்த இரவின் இன்னொரு ரன்னிங் பேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மயாமியின் வில்லிஸ் மெகாஹி அந்தப் பருவத்தில் 1,753 கஜம், 28 டச் டவுன் எடுத்தவர். அடுத்த டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் அணிகள் வரிசைப்படி புது வீரர்களை எடுக்கும் தேர்வில், முதல் சிலருக்குள் போவார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்காம் கால்பகுதியில் பந்தைப் பிடித்த மறுகணம் மோதலில் அவருடைய முழங்கால் பின்பக்கமாக மடிந்தது. மூட்டின் தசைநார்கள் கிழிந்தன. மெகாஹிக்குப் பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகியிருந்ததால் டிராஃப்டுக்குப் போக உரிமை இருந்தது. ஒரு வருடம் முழுக்க ஆட முடியாது என்று தெரிந்தும் பஃபலோ அணி 23-ஆவதாக எடுத்துக்கொண்டது. அதே காயம் கிளாரெட்டுக்கு நேர்ந்திருந்தால் அவரால் டிராஃப்ட் பக்கமே போயிருக்க முடியாது. கல்வி உதவித்தொகை மட்டும் மிஞ்சியிருக்கும்.

வெற்றிக்கு முன்பே விரிசல் தெரிந்துவிட்டது. யங்ஸ்டவுனில் சுட்டுக்கொல்லப்பட்ட நண்பரின் இறுதிச் சடங்குக்குப் போக விமான ஏற்பாடு செய்து தரவில்லை என்று கிளாரெட் டெம்பியில் வைத்தே பத்திரிகையாளர்களிடம் வெடித்தார். தேவையான படிவத்தை அவர் நிரப்பித் தரவில்லை என்றது பல்கலைக்கழகம். பொய் சொல்கிறார்கள் என்றார் அவர். ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானத்தை நிரப்புகிற பையனுக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட் காசு இல்லை என்பது அன்றைய விதிகளின்படி முறையான நிலைமை. அப்போது கல்லூரி விளையாட்டை ஆண்ட என்சிஏஏ, உதவித்தொகைக்கு மேல் ஒரு பைசா வாங்குவதையும் குற்றமாகவே வைத்திருந்தது.

எல்லாக் கதவும் மூடிய வருடம்

2003 ஏப்ரலில், ஒரு கார் வியாபாரியிடமிருந்து இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து 10,000 டாலருக்கும் மேல் மதிப்புள்ள துணிமணி, சிடி, ரொக்கம் எல்லாம் திருடு போனதாக கிளாரெட் போலீஸில் புகார் கொடுத்தார். பிறகு, கணக்கை ஊதிச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். பொய்ப் புகார் கொடுத்ததாக அவர் மேல் வழக்குப் பதிவானது. கடைசியில் சிறிய குற்றமாகக் குறைத்து 100 டாலர் அபராதத்தில் முடித்தார்கள். தொகை அற்பம். ஆனால் அந்தப் புகாரைப் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழுந்தது: உதவித்தொகையில் படிக்கும் மாணவருக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

ஜூலையில் இன்னொரு செய்தி. ஒரு பாடத்தில் தேர்வு எழுதாமல் எழுந்து போனவருக்கு வாய்மொழித் தேர்வு வைத்துத் தேர்ச்சி கொடுத்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. செப்டம்பரில் விளையாட்டுத் துறை இயக்குநர் ஆண்டி கைகர் அந்தப் பருவம் முழுவதற்கும் கிளாரெட்டை இடைநீக்கம் செய்தார். ஒரு குடும்ப நண்பரிடமிருந்து ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள சலுகைகள் பெற்றது, விசாரித்தவர்களிடம் உண்மை சொல்லாதது என்பவை காரணங்கள். என்சிஏஏ பட்டியலில் நேர்மையின்மைக்கு மட்டும் 14 மீறல்கள்.

இதில் கிளாரெட்டைக் காப்பாற்றிப் பேச எனக்கு ஆசையில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபோது திரும்பத் திரும்பப் பொய் சொன்னார். ஒரு வழக்கறிஞரை முதல் நாளே பக்கத்தில் வைத்திருந்தால் இதில் பாதி வந்தே இருக்காது. சரி, தண்டனை நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி: கல்லூரி வேண்டாம் என்றுவிட்டால் அவர் எங்கே போய் ஆடுவது?

என்எஃப்எல் விதிப்படி, பள்ளி முடித்து மூன்று முழுக் கல்லூரிப் பருவங்கள் கழிந்தால்தான் டிராஃப்டில் நுழையலாம். கிளாரெட் 2005 வரை காத்திருக்க வேண்டும். கனடாவில் ஒரு லீக் இருந்தது, அங்கே அவர் போகவில்லை. இருபது வருடங்களுக்கு முன் ஜார்ஜியாவின் ஹெர்ஷல் வாக்கர் இதே சுவரில் முட்டியபோது யுஎஸ்எஃப்எல் என்ற போட்டி லீக் பணத்தோடு காத்திருந்தது, 1983-இல் அங்கே போனார். 2003-இல் அப்படி எதுவும் இல்லை.

இன்னொரு ஒப்பீடு இதைவிட உறுத்தும். யங்ஸ்டவுனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் ஆக்ரன். அங்கே கிளாரெட்டைவிட ஒரு வயது சின்னவரான லெப்ரான் ஜேம்ஸ் பள்ளி முடித்த கையோடு 2003 ஜூனில் என்பிஏ டிராஃப்டில் முதல் ஆளாக கிளீவ்லண்ட் அணிக்குப் போனார். கூடைப்பந்தில் அன்று அது சட்டப்படி சரி. 19 வயது வரம்பு அங்கே 2005-இல்தான் வந்தது.

கிளாரெட் எதிர் என்எஃப்எல்

இந்த விதியின் வேர் 1925-இல் இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் ரெட் கிரேஞ்ச் கடைசிக் கல்லூரி ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே சிகாகோ பேர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். கல்லூரிகள் கொதித்தன. அன்று குழந்தையாக இருந்த லீக், ஒரு மாணவரின் வகுப்புத் தோழர்கள் பட்டம் வாங்கும் வரை அவரைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து சமாதானம் வாங்கியது. 1990-இல் நான்கு வருடம் மூன்றாகக் குறைந்தது. கல்லூரிகளுக்கு நட்சத்திரங்கள் மூன்று வருடம் கூலியில்லாமல் கிடைத்தார்கள். லீக்குக்குப் பயிற்சி பெற்ற, ஊர் அறிந்த வீரர்கள் செலவில்லாமல் வந்து சேர்ந்தார்கள். இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடு.

2003 செப்டம்பரில் கிளாரெட் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வாதம் எளிமையானது: 32 அணிகளும் போட்டியாளர்கள். போட்டியாளர்கள் ஒன்றுகூடி ஒரு தொழிலாளியை வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தால் அது ஏகபோகத் தடைச் சட்டத்தை மீறுவது. லீக் இரண்டு பதில் சொன்னது. ஒன்று, இளம் உடம்புகள் இந்த ஆட்டத்தைத் தாங்காது, அவர்கள் நலனுக்காகத்தான் விதி. இரண்டு, இது வீரர்கள் சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டுப் பேரத்துக்குள் அடங்கியது, அப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு.

2004 பிப்ரவரி 5 அன்று நீதிபதி ஷைரா ஷைண்ட்லின் விசாரணைக்கே போகாமல் கிளாரெட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். விதி 1993-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் உரையில் இல்லை. லீகின் உள்விதிகளில்தான் இருந்தது. மேலும் அது கட்டுப்படுத்துவது சங்கத்துக்கு வெளியே நிற்கும் ஆட்களை, அதாவது இன்னும் உறுப்பினரே ஆகாதவர்களை. அவர்களைப் பற்றிச் சங்கமும் முதலாளிகளும் உண்மையில் பேரம் பேசியதற்கான அடையாளம் இல்லை. ஆகவே விலக்கு பொருந்தாது என்றார். நலனுக்காக என்ற வாதமும் அவரிடம் எடுபடவில்லை. 100 கிலோவுக்கு மேல் எடையோடு அந்த வருடப் பட்டத்தையே வென்று கொடுத்தவரை 'தாங்கமாட்டார்' என்று சொல்வது யாருக்குமே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

இந்தத் தீர்ப்பை நம்பி இன்னொருவர் குதித்தார். தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மைக் வில்லியம்ஸ், பந்து பிடிப்பதில் நாட்டின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். ஏஜென்ட் வைத்துக்கொண்டு டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்.

ஏப்ரல் 19, டிராஃப்டுக்கு ஐந்து நாள் முன்பு, நியூயார்க் பகுதிக்கான இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். அந்த வட்டத்துக்குப் பொறுப்பான நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தலையிட மறுத்தார். டிராஃப்ட் கிளாரெட் இல்லாமலே நடந்தது. மே 24 அன்று முழுத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் சோனியா சோட்டோமேயர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 1995-இல் பேஸ்பால் வேலைநிறுத்தத்தை வீரர்களுக்குச் சாதகமான தடையாணை கொடுத்து முடித்துவைத்தவரும் அவர்தான். தொழிலாளர் சட்டத்தில் அவருக்கு இருந்த பிடிப்பு இரண்டு வழக்கிலும் தெரிகிறது. விளைவுதான் நேரெதிர்.

அவர் சொன்னதன் சாரம் இது: ஒரு தொழிலில் சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து வேலைக்குச் சேரும் தகுதியை நிர்ணயிக்கலாம். யாரை எடுப்பது, எப்போது எடுப்பது என்பது ஏற்கனவே உள்ளே இருப்பவர்களின் வேலையையும் சம்பளத்தையும் பாதிக்கிறது. அதனால் அது பேரத்துக்குரிய விஷயமே. உள்விதிகளை ஒப்பந்தக் காலத்தில் கேள்வி கேட்பதில்லை என்று சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது, அந்த அளவு போதும். தனக்குத் திறமை இருக்கிறது என்று நம்பும் வேலை தேடுகிறவர் எவருக்கும், நிர்ணயித்த தகுதி தனக்கு இல்லாதபோது, ஏகபோகத் தடைச் சட்டம் கதவைத் திறந்துவிடாது.

சட்டப்படி பார்த்தால் சோட்டோமேயரின் தீர்ப்பே உறுதியானது என்பது என் கருத்து. புதிய ஆளைச் சேர்ப்பதில் சங்கத்துக்குச் சொல் இருக்கக்கூடாது என்றால் நாளைக்கு எந்தச் சங்கமும் மூப்பு வரிசையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் இந்தத் தர்க்கம் சாதாரணத் தொழிலில் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: இன்று வெளியே நிற்பவர் நாளை உள்ளே வருவார், அதே சங்கம் அவரையும் காக்கும், முப்பது வருடம் உழைப்பார், இழந்த ஓரிரு வருடம் பெரிதில்லை. ரன்னிங் பேக்குக்கு அந்த முப்பது வருடம் கிடையாது. ஆறோ ஏழோதான். அதில் இரண்டைச் சங்கமும் முதலாளியும் பேசி எடுத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் 29 வயது வீரருக்கு ஒரு பருவம் கூடுதலாகக் கிடைக்கலாம். அதற்கான விலையை 20 வயதுக்காரர் கொடுக்கிறார். மேசையில் அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. உதைப்பவருக்கும் குவார்ட்டர்பேக்குக்கும் இதே விதி ஒரு சின்னத் தாமதம் மட்டுமே. இந்த வேறுபாட்டை நீதிமன்றம் எடைபோடவில்லை, அதன் வேலையும் அதுவல்ல.

வில்லியம்ஸ் கல்லூரிக்குத் திரும்ப விண்ணப்பித்தார். ஏஜென்ட் வைத்துவிட்டதால் முடியாது என்றது என்சிஏஏ. ஒரு வருடம் வீணாகி, 2005-இல் டெட்ராய்ட் அணி 10-ஆவதாக எடுத்தது. அங்கே அவர் பெரிதாக வளரவில்லை.

இடைவெளி

2004 முழுவதும் கிளாரெட்டுக்கு அணி இல்லை, பயிற்சியாளர் இல்லை, தினசரி நேர ஒழுங்கு இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போனார். நாளைக்குக் கோடீஸ்வரராவார் என்று நம்பிச் செலவழிக்கும் மனிதர்கள் சுற்றிலும் சேர்ந்தார்கள். குடியும் இரவு வாழ்க்கையும் தன்னை விழுங்கியதை அவர் பின்னாளில் ஒளிக்கவில்லை. அந்த வருட நவம்பரில் ஈஎஸ்பிஎன் இதழில், டிரெஸ்ஸல் கார்களுக்கு ஏற்பாடு செய்தார், அணியின் அபிமானிகள் பணம் கொடுத்தார்கள், பெயருக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள் என்றெல்லாம் குற்றம் சாட்டினார். பல்கலைக்கழகம் மறுத்தது. என்சிஏஏ விசாரிக்க வந்தபோது கிளாரெட் ஒத்துழைக்கவில்லை, விஷயம் அப்படியே அமுங்கியது. கொலம்பஸில் இருந்த கொஞ்சநஞ்ச அனுதாபமும் அதோடு போனது.

2005-இன் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸில் தேர்வுச் சோதனை. அணிகளின் ஆட்கள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்க 40 கஜ ஓட்டம். ரன்னிங் பேக்குகள் நாலரை வினாடி அளவில் ஓட வேண்டிய இடத்தில் கிளாரெட் 4.82, பிறகு 4.72. மிச்சச் சோதனைகளில் கலந்துகொள்ளாமல் கிளம்பிவிட்டார். அந்த வருட டிராஃப்டில் முதல் ஐந்து பேரில் மூவர் ரன்னிங் பேக்குகள்: ரோனி பிரவுன், செட்ரிக் பென்சன், கார்னல் வில்லியம்ஸ். மூவருமே நான்கு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு வந்தவர்கள். கிளாரெட்டை மூன்றாம் சுற்றின் கடைசியில், 101-ஆவதாக, டென்வர் பிராங்கோஸ் எடுத்தது. பலருக்கு அதுவே ஆச்சரியம். எந்த ஓட்டக்காரரையும் ஆயிரம் கஜக்காரராக்கிவிடுவார் என்ற பெயர் அங்கிருந்த பயிற்சியாளர் மைக் ஷனஹனுக்கு இருந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் புரியாத முடிவு. கையெழுத்துப் போட்டதும் உறுதியாகக் கிடைக்கக்கூடிய சுமார் 4 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்து, நன்றாக ஆடினால் நிறைய, ஆடாவிட்டால் ஒன்றுமில்லை என்ற வகை ஒப்பந்தத்தை ஏற்றார். இரண்டு வருடத்துக்கும் மேலாக ஆடாதவர், கடிகாரம் கைவிட்டவர், கையில் காசில்லாதவர் செய்யக்கூடாத பந்தயம் அது. ஆனால் 2002-இல் உலகம் தன்னை எங்கே வைத்திருந்ததோ அங்கேதான் இன்னும் இருக்கிறோம் என்று நம்பும் ஒருவருக்கு அது பந்தயமாகவே தெரிந்திருக்காது. முகாமில் தொடையிடுக்கில் காயம். ஆகஸ்டில், பயிற்சி ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே, டென்வர் அவரை விடுவித்தது. உறுதித் தொகை இல்லாததால் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

2006

வேகமாகச் சொல்லிவிடலாம். புத்தாண்டு அதிகாலை கொலம்பஸில் ஒரு மதுக்கூடத்துக்கு வெளியே துப்பாக்கியைக் காட்டி இரண்டு பேரிடம் கொள்ளையடித்தார், கிடைத்தது ஒரு செல்போன். மறுநாள் சரணடைந்து ஜாமீனில் வந்தார். ஆகஸ்ட் 9 அன்று நெடுஞ்சாலையில் போலீஸ் துரத்திப் பிடித்தபோது வண்டியில் குண்டு நிரப்பிய நான்கு துப்பாக்கிகள் இருந்தன, உடம்பில் குண்டு துளைக்காத கவசம். கவசத்தால் மின் அதிர்ச்சிக் கருவி வேலை செய்யாமல், மிளகுத் தெளிப்பானை அடித்து அடக்கினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். செப்டம்பர் 18 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏழரை வருடம், மூன்றரை வருடத்துக்குப் பிறகு முன்விடுதலைக்கு வாய்ப்பு.

கொள்ளையை மூன்று வருட விதியின் தலையில் கட்ட முடியாது. ஆட இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான வீரர்கள் துப்பாக்கி எடுப்பதில்லை. வில்லியம்ஸும் எடுக்கவில்லை. கிளாரெட்டும் அப்படி ஒரு சாக்குச் சொன்னதில்லை என்பது அவருக்குப் பெருமை.

டொலீடோ சிறையில் படிக்கத் தொடங்கினார். தொலைபேசியில் அவர் சொல்லச்சொல்ல வெளியே இருந்தவர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டார்கள். 2010 ஏப்ரலில் விடுதலை. அந்த வருடமே யுஎஃப்எல் என்ற சின்ன லீகில் ஒமாஹா நைட்ஹாக்ஸ் அணிக்காக மறுபடி 13-ஆம் எண் சட்டை போட்டார். 26 வயது. இரண்டு பருவம் அங்கே ஆடினார், பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு யங்ஸ்டவுனுக்கே திரும்பி, மனநலத்துக்கும் போதை மீட்புக்கும் உதவும் 'தி ரெட் ஜோன்' என்ற அமைப்பைத் தொடங்கி நடத்துகிறார். கல்லூரி அணிகள் தங்கள் மாணவர்களிடம் பேச அவரை அழைக்கின்றன. டிரெஸ்ஸல் 2011-இல் வேறொரு விவகாரத்தில், வீரர்கள் அணி நினைவுப் பொருட்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டதை மறைத்ததற்காக, பதவி விலகினார். 2014 முதல் 2023 வரை யங்ஸ்டவுன் ஸ்டேட்டின் தலைவராக இருந்தார், 2025-இல் ஓஹையோவின் துணை ஆளுநரானார். இருவரும் இப்போது நண்பர்கள்.

எது மாறியது

கிளாரெட் செய்ததில் பாதி இன்று குற்றமே இல்லை. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், சோட்டோமேயர் உட்பட, கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த வரம்பு ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்றார்கள். அடுத்த மாதமே தன் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் சம்பாதிக்க மாணவர்களுக்கு அனுமதி வந்தது. 2025 ஜூனில் ஒப்புதலான சமரசப்படி ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கே நேரடியாகப் பகிரலாம். கார் வியாபாரி இரவல் வண்டி தந்தால் அது விளம்பர ஒப்பந்தம். பிடிக்காவிட்டால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி அடுத்த பருவமே ஆடலாம். 2003-இல் இருந்த மாதிரி எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் மூடுவது இப்போது அரிது.

என்எஃப்எல் விதி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குமேல் 2011 ஒப்பந்தத்தில் புது வீரர்களின் சம்பளத்துக்கு அட்டவணை வந்தது, முதல் ஒப்பந்தம் நான்கு வருடம். கல்லூரியில் மூன்று, அந்த ஒப்பந்தத்தில் நான்கு என்று போனால் ஒரு ரன்னிங் பேக் முதல் முறையாகச் சுதந்திரமாகப் பேரம் பேசும்போது வயது 25, 26. 2023-இல் சேக்வான் பார்க்லியும் ஜாஷ் ஜேகப்ஸும் தங்கள் அணிகளோடு முட்டிக்கொண்டு நின்றது இந்த இடத்தில்தான். பார்க்லி அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 கஜம் ஓடிப் பட்டமும் வென்றார். அவர் விதிவிலக்கு.  இப்போதைய ஒப்பந்தம் 2030 பருவம் வரை ஓடுகிறது. விதியை மாற்ற வேண்டுமென்றால் சங்கம் அதற்காக வேறு ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். அதன் வாக்காளர்கள் எல்லோரும் ஏற்கனவே லீகுக்குள் இருப்பவர்கள்.